இரண்டு நிமிட வேலை

ஜெயபுரம்
03.09.2024

அன்புள்ள அப்பாவுக்கு,

நானும் சுகிர்தனும் நல்ல சுகம். வயிற்றுக்குள் இருப்பவரும் சுகம்தான், உதைக்கிற உதையில் தெரிகிறது. உங்கள் முழங்கால் நோ எப்படி? சீனி போட்ட தேத்தண்ணியை இன்னும் அம்மாவுக்குத் தெரியாமல் குடிக்கிறீர்களோ?

அம்மாவோடு போனில் தினமும் கதைக்கிறேன். ஆனால் அம்மாவிடம் சொல்வது உங்களிடம் வந்து சேரும்போது பாதியாகிவிடும். சண்டைக் காலத்தில் ஷெல் வெடித்துக் காது போனதிலிருந்து உங்களுக்குப் போனும் விளங்காது. போனில் எழுதி அனுப்பினால் "எறும்பு ஊருறமாதிரிக் கிடக்கு" என்று தூக்கி வைத்துவிடுகிறீர்கள். ஆகவே கடிதம்.

கிளினிக்கில் டிசெம்பர் எட்டு என்று நாள் சொல்லியிருக்கிறார்கள். தலைப்பிள்ளையைத் தாய்வீட்டில் வந்துதான் பெற வேண்டும், அதுவும் நீங்களே வந்து கூட்டிப்போவீர்கள் என்று கலியாணத்தன்றே சுகிர்தனிடம் சொல்லிவிட்டீர்களாம். சரி. ஆனால் எட்டாம் மாதத்தில் பயணம் கூடாது என்று அம்மா ஒரே பிடியாக நிற்கிறா. அப்படியென்றால் ஒக்டோபர் ஆறுக்கு முன் வர வேண்டும். அதை விட்டால் நவம்பர் பத்துக்குப் பிறகுதான். அதற்குள் மாரி பிடித்துவிடும். அக்கராயன் றோட்டில் இரண்டு இடத்தில் வெள்ளம் மேவிப் பாயும். அந்த வயிற்றோடு வெள்ளத்துக்குள்ளால் வர எனக்குப் பயம், அப்பா.

சுகிர்தன் விதைப்பு வேலையில் நிற்கிறார். "ஓட்டோ ஒண்டு பிடிச்சு அனுப்பட்டோ?" என்று கேட்டார். "அப்பா கோவிப்பார்" என்று நான்தான் மறித்தேன். எங்கள் மொறிஸ் மைனர் கார் ஓடுகிற நிலையில்தானே நிற்கிறது? போன மாரியிலேயே வைப்பர் றப்பர் வெடித்திருந்தது. அதை மட்டும் மாற்றிக்கொண்டு வாங்கோ. இரண்டு நிமிட வேலை.

அம்மாவைக் குனிந்து தண்ணி அள்ள விடாதேங்கோ.

அன்பு மகள்,
ரூபி

*

வட்டக்கச்சி
09.09.2024

அன்பு மகள் ஜெயரூபிக்கு அப்பா எழுதுவது.

இங்கே நானும் உன் அம்மா கமலாசனியும் எழும்பி நடமாடுகிறோம். இந்த வயதில் அதற்குப் பெயர்தான் சுகம். நீ இரும்புச்சத்துக் குளிசையை ஒழுங்காகப் போடு. மருமகனை வெயிலுக்குள் தொப்பி இல்லாமல் நிற்க வேண்டாம் என்று சொல்.

ஓட்டோவாம், ஓட்டோ! மூன்று சில்லில் என் பிள்ளை வருவதோ? செப்டெம்பர் இருபத்தொன்பது, ஞாயிறு, காலை எட்டு மணிக்கு உன் வாசலில் கார் நிற்கும். எழுதி வைத்துக்கொள்.

வைப்பர் றப்பருக்காக இன்றைக்கு ரவுணுக்குப் போனேன். நிரோஜன் என்று ஒரு பெடியன் புதிதாகக் கடை போட்டிருக்கிறான், பழைய வாகனச் சாமானும் வைத்திருக்கிறான். ஒரு நீட்டு றப்பரை எடுத்து, அளவாக வெட்டி, "ஐயா, நானே போட்டுவிடுறன்" என்று வெளியே வந்துவிட்டான். நான் மறித்துவிட்டேன்.

"தம்பி, றப்பரை மாத்தினாக் காணுமோ? றப்பரைப் பிடிக்கிற கையைப் பாத்தனியோ? கையைப் பிடிக்கிற நட்டைப் பாத்தனியோ? நட்டு நிக்கிற தண்டைப் பாத்தனியோ?"

அவன் ஏதோ மறுமொழி சொன்னான். எனக்குக் கேட்கவில்லை. அது ஒருவிதத்தில் வசதியாய்ப் போய்விட்டது.

வீட்டுக்கு வந்து கையைக் கழற்றிப் பார்த்தால், நான் நினைத்தது சரி. தண்டில் ஒரு நூல் அளவு ஆட்டம். தண்டைப் பார்க்க வேண்டுமென்றால் டாஷ்போர்டைக் கழற்ற வேண்டும். அதையும் கழற்றியிருக்கிறேன். நாளைக்கே திரும்பப் பூட்டிவிடுவேன். நீ ஒன்றுக்கும் யோசிக்காதே.

உன் நலத்தை எந்நேரமும் நினைக்கும்,
அப்பா

*

ஜெயபுரம்
18.09.2024

அன்புள்ள அப்பாவுக்கு,

சுகம். குளிசை போடுகிறேன். சுகிர்தன் தொப்பி போடுகிறார், ஆனால் அது என்னுடைய தொப்பி, பூப்போட்டது. ஊரே சிரிக்கிறது.

நீங்கள் "நாளைக்கே பூட்டிவிடுவேன்" என்று எழுதிய கடிதம் வந்த அன்றைக்கு அம்மாவும் போன் எடுத்தா. அம்மா சொன்னதை அப்படியே எழுதுகிறேன்:

"உன்ர கொப்பர் காரின்ர முகத்தைக் கழட்டிக் குசினிக்குள்ள வைச்சிருக்கிறார். எனக்குப் புட்டவிக்க இடமில்லை. முன் கண்ணாடியையும் கழட்டிப்போட்டார். அது உடைஞ்சுபோமெண்டு கட்டில்ல படுக்க வைச்சிருக்கிறார். நான் கீழ பாயில படுக்கிறன்."

கண்ணாடி கட்டிலில், அம்மா பாயில்! பின்சீற்றைக் கோழிக்கூட்டுக்குப் பக்கத்தில் வைத்ததால் வெள்ளைக் கோழி அதில் முட்டையிடுகிறதாமே. வைப்பர் றப்பர் மாற்றுவதற்குப் பின்சீற்றை ஏன் கழற்றினீர்கள் என்று அம்மாவுக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை.

சுகிர்தன் சொல்கிறார், "மாமா உனக்கு முதல் ஒரு புதுக் காரைப் பெத்தெடுக்கப்போறார்" என்று. நானும் விழுந்து விழுந்து சிரித்தேன். பிறகு கலண்டரைப் பார்த்தேன். சிரிப்புப் போய்விட்டது.

இருபத்தொன்பதுக்கு வருவீர்கள்தானே?

அம்மாவுக்குக் கட்டிலைக் கொடுங்கோ.

ரூபி

*

வட்டக்கச்சி
26.09.2024

அன்பு மகளுக்கு,

நாங்கள் சுகம். அம்மா இப்போது கட்டிலில்தான் படுக்கிறா. கண்ணாடியைக் காரில் திரும்பப் பொருத்தியாயிற்று, ஆதலால் அது இனிப் பேச்சில்லை. அம்மா போனில் கோள் சொல்வது எனக்கு வாயசைவில் தெரியும் என்று அவவிடம் சொல்லி வை.

சீற்றைக் கழற்றிய காரணம் பற்றறி வயர். வயர் சீற்றுக்கு அடியால் போகிறது. வயர் நல்லதென்று தெரியாமல் மோட்டரை நம்பலாமோ? மோட்டரை நம்பாமல் வைப்பரை நம்பலாமோ? மருமகன் விதைக்க முதல் நெல்லைத் தண்ணியில் போட்டுப் பார்க்கிறாரா இல்லையா? அதுபோலத்தான்.

சோதித்துப் பார்க்க மழை இல்லை. மழை வரும்வரை காத்திருக்க நான் என்ன கொக்கா? வயலுக்கு இறைக்கிற மெசினை வாய்க்கால் கரையில் வைத்து, பைப்பைக் காருக்கு மேலே திருப்பி, அம்மாவைப் பிடிக்கச் சொன்னேன். நான் உள்ளே இருந்து மணிக்கூட்டைப் பார்த்து எண்ணினேன். நிமிடத்துக்கு நாற்பத்திரண்டு தடவை. நல்ல கணக்கு. ஆனால் மழை எப்போதும் நேராகவா பெய்யும்? "சாரலும் வேணும், சரிச்சுப் பிடி" என்று கையைக் காட்டினேன். அவ பைப்பை ஜன்னலுக்குள்ளேயே பிடித்துவிட்டா. நான் தலையிலிருந்து கால்வரை குளித்தேன். கை வழுக்கிவிட்டதாம். முகத்தைப் பார்த்தால் வழுக்கிய முகமாகத் தெரியவில்லை.

பதினோராவது நிமிடத்தில் வைப்பர் கொஞ்சம் மெதுவானது. முப்பத்தொன்பது. அம்மாவுக்குத் தெரியவில்லை, எனக்குத் தெரிந்தது. ஆகவே மோட்டரைத் திறந்திருக்கிறேன். இருபத்தொன்பது சரிவராது. ஒக்டோபர் நாலு, வெள்ளி, எட்டு மணி. இது முடிந்த முடிவு.

பையை ஆயத்தமாக வை.

அப்பா

*

ஜெயபுரம்
08.10.2024

அப்பாவுக்கு,

உங்கள் இருவருடைய சுகத்தையும் அம்மாவிடம் கேட்டுவிட்டேன். என் சுகத்தை நீங்கள் கேட்பீர்களோ என்று தெரியாததால் நானே எழுதுகிறேன். பிறசர் கொஞ்சம் ஏறியிருக்கிறதென்று வீட்டுக்கு வந்து பார்க்கிற குடும்பநல மாது சொன்னா. கால் வீங்குகிறது.

நாலாம் தேதி காலை ஏழரைக்கே வெளிக்கிட்டு, பையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வாசலில் கதிரை போட்டு இருந்தேன். எட்டு ஆனது. ஒன்பது ஆனது. றோட்டால் போன ஆக்களெல்லாம் "தாய்வீட்டுக்கோ பிள்ளை?" என்று கேட்டார்கள். "ஓம், அப்பா வந்துகொண்டிருக்கிறார்" என்றேன். பத்தரைக்கு அம்மா போன் எடுத்தா. "இண்டைக்குச் சரிவராதாம்" என்றா. அவ்வளவுதான் சொன்னா.

ஏன் அப்பா? காரைத் திரும்பப் பூட்டியாகிவிட்டது என்று அம்மாவே முதல் நாள் சொன்னாவே.

இப்போது எட்டாம் மாதம் பிறந்துவிட்டது. இனி நவம்பர் பத்துக்குப் பிறகுதான். நான் பயந்த அந்த வெள்ளத்துக்குள்ளால்தான் இனி வர வேண்டும். சுகிர்தன் உங்களில் கோபப்படவில்லை. "தேவையெண்டா வயல் உழுகிற லான்ட்மாஸ்டர்ல கொண்டுபோய் விடுறன்" என்று பகிடி விடுகிறார். எனக்குத்தான் பகிடி வரவில்லை. எனக்கு அம்மா பக்கத்தில் வேண்டும். முதல் பிள்ளை.

ரூபி

*

வட்டக்கச்சி
19.10.2024

அன்பு மகளுக்கு,

பிறசருக்கு உப்பைக் குறை. கருவாட்டுப் பக்கம் போகாதே. இரவில் காலுக்குத் தலகணி வைத்துப் படு. அன்றைக்கு உன்னை வாசலில் இருத்தியது பெரிய பிழை. மன்னித்துக்கொள் பிள்ளை.

ஒரு விடயம், இப்போது கார் முந்தியதை விட நல்ல நிலையில் நிற்கிறது. ஒரு மோட்டர் இரண்டு வைப்பரையும் இழுப்பதுதான் இந்தக் காரில் உள்ள குறை. மோட்டர் நின்றால் இரண்டும் நிற்கும். அதனால் நிரோஜன் கடையிலிருந்து ஒரு பழைய வானின் மோட்டரைக் கொண்டுவந்து இடது வைப்பருக்குத் தனியாகப் பூட்டினேன். வலதுக்கு ஒன்று, இடதுக்கு ஒன்று. தனித்தனிச் சுவிச்சு. இரண்டையும் போட்டதும் நடுக் கண்ணாடியில் சந்தித்து, சண்டைச் சேவல் மாதிரி ஒன்றை ஒன்று கொத்திக்கொண்டு நின்றுவிட்டன. உதவிக்கு வந்த நிரோஜன் நிலத்தில் குந்திச் சிரித்தான். "ஐயா, கப்பலுக்குக்கூட இவ்வளவு செய்யமாட்டினம்" என்று ஒரு கடதாசியில் எழுதிக் காட்டினான். இடது கையை அரை அங்குலம் வெட்டிய பிறகு இப்போது சண்டை இல்லை.

கடைசியாக ஒரு காவலும் செய்திருக்கிறேன். கரண்ட் அடியோடு போனாலும் ஓட வேண்டுமே. இரண்டு வைப்பரிலும் நைலோன் கயிறு கட்டி, இரண்டு பக்க ஜன்னலாலும் உள்ளுக்கு எடுத்திருக்கிறேன். சண்டைக் காலத்தில் சாமான் தடையால் பற்றறி இல்லாமல் ஓடினோமே, அதுபோல. நீ பயப்படாதே. கயிறு இழுக்க அம்மா வருவா. நீ பின்சீற்றில் சாய்ந்துகொண்டு வரலாம்.

நவம்பர் பத்துக்குப் பிறகு நல்ல நாள் பார்த்து எழுதுகிறேன்.

அப்பா

*

ஜெயபுரம்
30.10.2024

அன்புள்ள அப்பாவுக்கு,

நாளைக்குத் தீபாவளி. நாங்கள் சுகம். கால் வீக்கம் வற்றிவிட்டது. நீங்களும் அம்மாவும் நல்லெண்ணெய் வைத்துத் தோயுங்கோ.

உங்கள் கடிதத்தின் முதல் பக்கத்தைச் சுகிர்தனுக்கு வாசித்துக் காட்டிச் சிரித்தோம். கயிறு என்று எழுதிய பக்கத்தை வாசித்துக் காட்டவில்லை. மடித்து வைத்துவிட்டேன்.

இந்தப் பதினாறு வருசத்தில் நாங்கள் மூன்று பேரும் ஒரு நாளாவது அதைக் கதைக்கவில்லை. நான் கதைக்கப்போகிறேன். கோவியாதேங்கோ.

2008 மாரி. எனக்கு ஒன்பது வயது. அம்மாவுக்குப் பிள்ளைப்பேற்று நோ கண்டு, தருமபுரம் பக்கம் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். காலை பத்து மணி இருக்கும், ஆனால் மழையில் பொழுதுபட்டது போல இருந்தது. அம்மா பின்சீற்றில். நான் உங்களுக்குப் பக்கத்தில். பற்றறி இல்லை, வைப்பரில் கயிறு. வலது பக்கம் நீங்கள் இழுக்க, இடது பக்கம் நான் இழுக்க வேண்டும். "இழு பிள்ளை, இழு" என்றீர்கள். என் பலமெல்லாம் கூட்டி இழுத்தேன். கை எரிந்தது. இன்னும் பலமாக இழுத்தேன். வைப்பர் கயிற்றோடு பிடுங்கிக்கொண்டு போய்விட்டது; திருப்பி இழுக்க ஒன்றில்லாமல் வலதும் நின்றுவிட்டது. நீங்கள் காரை நிற்பாட்டினீர்கள். மழை விட ஒரு மணித்தியாலத்துக்கு மேல் ஆனது. தம்பி காருக்குள்ளேயே பிறந்தான். நீலமாக இருந்தான். அழவில்லை.

நான்தான் இழுத்து முறித்தேன், அப்பா. ஒருவரும் என்னை ஏசவில்லை. ஏசாததுதான் கூடப் பயமாக இருந்தது. இன்றைக்கும் பெரிய மழை பெய்தால் இந்த உள்ளங்கை எரியும். சுகிர்தனுக்கும் ஏனென்று தெரியாது.

நீங்கள் இரண்டு மாதமாக அந்த வைப்பரைப் பிரித்துப் பிரித்துப் பூட்டுவது ஏனென்று எனக்கு இப்போதுதான் விளங்குகிறது. நான் செய்த பிழையை நீங்கள் திருத்திக்கொண்டு இருக்கிறீர்கள். வேண்டாம், அப்பா. விடுங்கோ. நான் ஓட்டோவில் வருகிறேன். ஊர் என்ன சொன்னாலும் பரவாயில்லை.

உங்கள் மகள்,
ரூபி

*

வட்டக்கச்சி
09.11.2024

என் பிள்ளைக்கு,

ஒரு கிழமையாக எழுதி எழுதிக் கிழித்தேன். அம்மா கேட்டா, "யாருக்கு எழுதிறியள், கச்சேரிக்கு மனுவோ?" என்று. இன்றைக்குக் கிழிக்கமாட்டேன். சுகம் விசாரிக்கவும் எனக்கு இப்போது வரவில்லை, பொறுத்துக்கொள்.

நீ முறிக்கவில்லை. ஒன்பது வயதுப் பிள்ளை இழுத்து இரும்பு முறியாது. அது முறியவில்லை, கழன்றது.

அந்த நட்டுத் தளர்ந்திருந்தது எனக்கு முதல் நாளே தெரியும். பின்னேரம் காரைத் துடைக்கும்போது கையால் ஆட்டிப் பார்த்தேன், ஆடியது. ஸ்பனர் சீற்றுக்கு அடியில்தான் கிடந்தது. குனிந்து எடுத்து இறுக்கினால் முடிந்தது. இரண்டு நிமிட வேலை. "நாளைக்குப் பாப்பம்" என்று சொல்லிவிட்டுத் தேத்தண்ணி குடிக்கப் போனேன். அடுத்த நாள் காலை அம்மாவுக்கு நோ கண்டபோது அது என் நினைவிலேயே இல்லை. வைப்பர் உன் கையோடு போன நிமிடத்தில்தான் நினைவு வந்தது. இறங்கி வெள்ளத்துக்குள் கையை விட்டு அந்த நட்டைத் தேடினேன். நீ ஜன்னலால் பார்த்துக்கொண்டிருந்தாய். நீ அழுதாய். மழைக்குப் பயந்து அழுகிறாய் என்று நினைத்தேன். இவ்வளவு காலமும் அப்படித்தான் நினைத்திருந்தேன். ஐயோ பிள்ளை, நீ இதைச் சுமந்துகொண்டு திரிந்தது எனக்குத் தெரியாது.

தெரிந்திருந்தால் சொல்லியிருப்பேனோ? அதுவும் தெரியாது. சொல்ல எனக்குத் துணிவில்லை. அம்மாவுக்கும் இன்றுவரை சொல்லவில்லை. இந்தக் கடிதத்தை அவவிடம் காட்டிவிட்டுத்தான் ஒட்டுவேன்.

சண்டை முடிந்து, இடம்பெயர்ந்தபோது விட்டுவந்த வாகனங்களைப் போய்ப் பார்க்க ஆமி விட்டபோது, அந்தக் குவியலுக்குள் நம்பர் தகடு இல்லாமல் இது நின்றது. இடது வைப்பர் இல்லாமல் வெறும் தண்டு மட்டும் நீட்டிக்கொண்டிருந்தது. அதைப் பார்த்துத்தான் எங்கள் கார் என்று கண்டுபிடித்தேன். விற்கவும் மனம் வரவில்லை, மழையில் எடுக்கவும் மனம் வரவில்லை.

ஒக்டோபர் நாலாம் தேதி கார் ஓடுகிற நிலையில்தான் இருந்தது. ஆறு மணிக்கு வெளிக்கிட்டேன். படலை தாண்ட முதல் இறங்கி நட்டைத் தொட்டுப் பார்த்தேன். ஏறினேன். திரும்ப இறங்கிப் பார்த்தேன். இப்படியே பத்து மணியாகிவிட்டது. அம்மா படலையில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தா. பிறகு வந்து சாவியை எடுத்துக்கொண்டு போனா. நீ வாசலில் கதிரை போட்டு இருந்த அதே நேரம்தான்.

உன் பிள்ளைக்கு ஒன்றும் வரக்கூடாது. அவ்வளவுதான் எனக்கு வேண்டும். அதற்கு நான் வருவது நல்லதோ, வராமல் விடுவது நல்லதோ என்று நீ சொல். நீ சொல்வதைச் செய்கிறேன்.

அப்பா

*

ஜெயபுரம்
13.11.2024

அப்பாவுக்கு,

நேற்றுக் கடிதம் கிடைத்தது. மழை தொடங்கிவிட்டது. சுகம்.

பதினாறு வருசம், அப்பா. ஒரு வசனம். "அது உன்ர பிழை இல்லை" என்று ஒரு வசனம் போதும். நான் மழை நாளில் பள்ளிக்கூடம் போகமாட்டேன் என்று அடம்பிடித்தபோது நீங்கள் குடை வாங்கித் தந்தீர்கள். எனக்குக் குடையா தேவைப்பட்டது?

எனக்கு நல்ல கோபம். இதைக் கொண்டுபோய் எங்கே வைப்பதென்று தெரியவில்லை. வயிறும் இடைஞ்சல். காலையில் சுகிர்தனோடு காரணமில்லாமல் சண்டை பிடித்தேன். பிறகு எல்லாவற்றையும் அவருக்குச் சொன்னேன். அவர் வயலுக்குப் போகாமல் வீட்டிலேயே இருந்தார்.

அம்மா போனில் வந்தா. "கடிதத்தை வாசிச்சன்" என்றா. இரண்டு பேரும் கொஞ்ச நேரம் அழுதுவிட்டு வைத்தோம்.

இருபதாம் தேதி புதன், காலை எட்டு மணி. ஒன்பதுக்கு ஓட்டோவுக்குச் சுகிர்தன் சொல்லி வைத்திருக்கிறார். நீங்கள் எட்டுக்கு வந்தால் உங்களோடு வருவேன். வராவிட்டால் ஒன்பதுக்கு வெளிக்கிடுவேன். வாசலில் கதிரை போட்டு இருக்கமாட்டேன்.

வந்தால் நான் முன் சீற்றில்தான் இருப்பேன். கயிற்றை அவிழ்த்துவிட்டு வாங்கோ.

ரூபி

*

வட்டக்கச்சி
16.11.2024

அன்பு மகளுக்கு,

கயிறு அவிழ்த்தாயிற்று. அம்மா தன் கையால் வெட்டி அடுப்புக்குள் போட்டுவிட்டா. என் கடிதத்தை வாசித்த பிறகு என்னோடு இரண்டு நாள் கதைக்கவில்லை. மூன்றாம் நாள் புட்டவித்துத் தந்து, "சாப்பிடுங்கோ" என்றா. வாயசைவில் விளங்கியது.

புதன், எட்டு மணி.

அப்பா

*

வட்டக்கச்சி, எங்கள் வீட்டு முன்னறை
22.11.2024

அன்புள்ள அப்பாவுக்கு,

இந்தக் கடிதத்துக்கு முத்திரை இல்லை. அம்மா தேத்தண்ணியோடு கொண்டுவந்து தருவா. சுகம் விசாரிக்கவும் தேவையில்லை, நீங்கள் விறாந்தையில் குந்தியிருந்து மழையைப் பார்ப்பது இங்கிருந்து தெரிகிறது. வாயால் சொன்னால் நீங்கள் என் வாயைப் பார்க்காமல் நிலத்தைப் பார்ப்பீர்கள். அதுதான் எழுதுகிறேன்.

புதன்கிழமை நீங்கள் எட்டுக்கு வரவில்லை, ஆறே முக்காலுக்கே வந்துவிட்டீர்கள். ஹோர்ன் அடிக்காமல் படலைக்கு வெளியே காருக்குள்ளேயே இருந்தீர்கள். சுகிர்தன் பல் விளக்கப் போய்த்தான் கண்டார். "மாமா வந்திட்டார், பயந்துபோய் இருக்கிறார், நீ ஒண்டும் ஏசாத" என்றார். நான் ஏசவில்லை. ஏசத்தான் நினைத்திருந்தேன்.

அக்கராயன் தாண்டியதும் அந்த மழை வந்ததே. வைப்பர் இரண்டும் என்ன அழகாக ஓடின! நீங்கள் எழுதியதுபோல எண்ணிப் பார்த்தேன், நாற்பத்திரண்டு. ஒரு தடவைகூடப் பிசகவில்லை. அப்படி ஓடிக்கொண்டிருக்கும்போதே நீங்கள் ஓரமாக எடுத்து நிற்பாட்டினீர்கள். களவெடுத்துப் பிடிபட்டவர் மாதிரி என்னைத் திரும்பிப் பார்த்தீர்கள். பிறகு நிற்பாட்டியதற்காக மன்னிப்புக் கேட்கிற மாதிரி கையெடுத்துக் கும்பிட்டீர்கள். ஏன் அப்பா, என்னைக் கும்பிடுகிறீர்கள்?

வெள்ளமும் ஏறியது. மழை குறைகிற நேரம்தான் தெரிந்தது, எங்களுக்கு முன்னால் ஒரு பஸ் நின்றது. பின்னால் ஒரு புது வான் நின்றது, அதற்குப் பின்னால் ஒரு லொறி. எல்லாரும் லைற்றைப் போட்டுக்கொண்டு நின்றார்கள். நீங்கள் தலையைக் குனிந்துகொண்டதால் அதைக் காணவில்லை. ஒரு மணித்தியாலமும் பத்து நிமிடமும் நின்றோம். பிள்ளை வயிற்றுக்குள் நன்றாக உதைத்தது. எனக்குப் பயம் இருக்கவில்லை. அந்த நேரம் முழுக்க நான் கண்ணாடியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

என் கோபம் இன்னும் முழுக்கத் தீரவில்லை. பொய் சொல்லமாட்டேன். பிள்ளை பிறந்த பிறகும் இடைக்கிடை வரும், நீங்கள் வாங்கிக்கொள்ளத்தான் வேண்டும். ஆனால் நான் கண்ணால் கண்டதைச் சொல்லாமல் விடக்கூடாது. இரண்டு மோட்டர், புது றப்பர், இறுக்கின நட்டு, நிமிடத்துக்கு நாற்பத்திரண்டு தடவை. எல்லாம் இருந்தும் றோட்டுத் தெரியவில்லை, அப்பா. காரின் பொனற்றுக்கு அங்கால் ஒன்றுமே தெரியவில்லை. அந்த மழைக்கு எந்த வைப்பரும் போதாது.

தம்பி பிறந்த அன்றைக்கும் போதாது.

உங்கள் மகள்,
ரூபி